பிரிண்டை நிறுத்தும் உரிமை யாருக்கு?

1973 தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான கையேடு மூன்றாம் பதிப்பாக வந்தபோது அதில் எல்பிஆர் என்றொரு கட்டளை இருந்தது. அதோடு கோப்பின் பெயரைச் சேர்த்துத் தட்டினால் கோப்பு லைன் பிரிண்டரின் வரிசையில் போய் நிற்கும். கொடுத்த பிரிண்டை வேண்டாம் என்று திரும்பப் பெறும் எல்பிஆர்எம் கட்டளை வந்தது 1979 கடைசியில்தான். அதுவும் பெல் ஆய்வகத்திலிருந்து வரவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட மூன்றாம் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் தொகுப்பில் வந்தது. அச்சிடச் சொல்வதில் வம்பு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம். நிறுத்தச் சொல்லும்போதுதான் யாருடைய வேலையை யார் நிறுத்துவது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முந்தைய காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: ஆபரேட்டர். ஐபிஎம் நிறுவனம் 1959 அக்டோபரில் 1401 கணினியை அறிவித்தபோது கூடவே 1403 என்ற பிரிண்டரும் வந்தது. எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று கிடைமட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்து வேண்டிய இடத்துக்கு வரும் கணத்தில் தாளின் பின்னாலிருந்து ஒரு சுத்தியல் தட்டும். ஒரு வரிக்கு 132 எழுத்து, நிமிடத்துக்கு 600 வரி. பின்னால் வந்த என்1 மாதிரி 1,100 வரி வரை போனது. அந்த மாதிரியில் தாள் தீர்ந்தால் மூடி தானாகவே மேலே எழும்பும். அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு முழித்தவர்களின் கதையைப் பழைய கணினிக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த வேகமும் கணினிக்குப் போதவில்லை. பிரிண்டர் ஒரு வரியை அடித்து முடிக்கும்வரை பெரும் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆகவே 7090 போன்ற பெரிய கணினிகள் விடையைக் காந்த நாடாவில் எழுதித் தள்ளிவிடும். ஒருவர் அந்த நாடாச் சுருளைக் கழற்றி எடுத்துப்போய் 1401இல் மாட்டி அச்சிடுவார். நாடாவின் இடத்துக்கு வட்டு வந்ததும் இந்த நடையும் மிச்சமாயிற்று. விடைகள் வட்டில் போய் உட்காரும். பிரிண்டர் ஒழிய ஒழிய ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கும். ஸ்பூலிங் என்பது இதுதான். பிரிண்டருக்கு வரிசை என்ற ஒன்று ஏற்பட்டதும் இப்படித்தான்.

1960களின் நடுவில் நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் வேலை செய்த ஐபிஎம் ஆட்கள் தங்கள் சிஸ்டம்/360 கணினிகளுக்காக ஹாஸ்ப் என்ற ஸ்பூலிங் நிரலை எழுதினார்கள். அதன் பெயரின் முதல் எழுத்தே ஹூஸ்டனைக் குறிப்பதுதான். ஆபரேட்டர் தன் கன்சோலில் டாலர் குறி போட்டு அதற்குக் கட்டளையிடுவார். ஹாஸ்ப் பின்னாளில் ஜெஸ்2 ஆனது. டாலருக்குப் பின் சி போட்டு எண்ணைச் சொன்னால் வேலை ரத்து, பி போட்டால் வரிசையிலிருந்தே துடைத்தெறியப்படும் என்ற வழக்கம் இன்றைய ஐபிஎம் மெயின்ஃப்ரேம்கள் வரைக்கும் நீடிக்கிறது. அவற்றின் திரையில் வரும் செய்திகள் இப்போதும் டாலர் ஹாஸ்ப் என்றுதான் தொடங்குகின்றன. நிலவுப் பயணக் காலத்துப் பெயர், வங்கிகளின் கணக்கு முடிக்கும் இயந்திரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிரல் எழுதியவருக்கு இந்தக் கன்சோலின் பக்கம் வேலை இல்லை. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டபோதும் முறை உலகெங்கும் இருந்ததுதான்: துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், தாள் வந்தபின் வாங்கிக்கொள்ள வேண்டும். நிரலில் ஒரு சுழற்சி முடிவில்லாமல் ஓடி ஒரே வரியைப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினால் அதைப் பார்த்து நிறுத்த வேண்டியவர் அறைக்குள் இருக்கும் ஆபரேட்டர். எழுதியவருக்கு விஷயம் தெரிவது தாள்கட்டு கைக்கு வரும்போதுதான்.

யூனிக்ஸ் இந்த அறைக் கதவைத் திறந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் அதற்குக் கிடைத்த முதல் உண்மையான வேலையே காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பங்களைத் தட்டி, வடிவமைத்து, அச்சிட்டுத் தருவதுதான். அதைக் காட்டித்தான் பிடிபி-11 கணினி வாங்கப் பணம் கிடைத்தது. டெர்மினல் முன் உட்கார்ந்த எவரும் அச்சிடச் சொல்லலாம் என்ற நிலை வந்தது. 1975இல் வந்த ஆறாம் பதிப்பில் எல்பிடி என்ற பின்னணி நிரல் சேர்ந்தது. அது ஓரமாக ஓடி, வரிசைக்கான அடைவில் கோப்பு ஏதாவது வந்து விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பிரிண்டருக்கு அனுப்பும். ஆனால் வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கத் தனிக் கட்டளை இல்லை. அந்த அடைவுக்குள் நுழைந்து கோப்பைக் கையால் அழிக்கும் அதிகாரம் உள்ளவர்தான் அதைச் செய்ய முடியும். கதவு திறந்தது, ஆனால் பாதிதான்.

பெர்க்லியின் எல்பிஆர்எம் மீதிக் கதவைத் திறந்தது. அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைக்கும் நாம் வாழ்வது அதன் விதிகளின்படிதான்.

பெர்க்லி முறையில் ஒரு பிரிண்ட் கொடுத்தால் ஸ்பூல் அடைவில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டாகும். ஒன்று அச்சிட வேண்டிய சரக்கு. அதன் பெயர் டிஎஃப் என்று தொடங்கும். இன்னொன்று சிஎஃப் என்று தொடங்கும் கட்டுப்பாட்டுக் கோப்பு. அதைத் திறந்தால் வரிக்கு ஒரு தகவல். ஹெச் எழுத்தில் தொடங்கும் வரியில் எந்தக் கணினியிலிருந்து வந்தது, பி வரியில் கொடுத்தவர் பெயர், ஜே வரியில் வேலையின் பெயர், எல் வரி இருந்தால் முகப்புத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய பெயர், யு வரியில் முடிந்தபின் அழிக்க வேண்டிய கோப்பு. வேலை எண் மூன்று இலக்கம்தான். 999 ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். எல்பிகியூ என்று தட்டினால் இந்த வரிசை அட்டவணையாகத் திரையில் வரும்: அச்சாகிக்கொண்டிருப்பது, முதலாவது, இரண்டாவது என்ற நிலை, கொடுத்தவர், எண், கோப்பு, அளவு.

அந்த எண்ணைப் பார்த்து எல்பிஆர்எம்மோடு சேர்த்துத் தட்டினால், அது சிஎஃப் கோப்பின் பி வரியையும் தட்டியவரின் பெயரையும் ஒத்துப் பார்க்கும். பொருந்தினால் இரண்டு கோப்புகளையும் அழித்து, வரிசையிலிருந்து எடுத்தாயிற்று என்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லும். பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை என்று ஒரு வரி. எண் எதுவும் கொடுக்காமல் வெறுமனே தட்டினால், அந்த நேரத்தில் அச்சாகிக்கொண்டிருக்கும் வேலை தட்டியவருடையதாக இருந்தால் மட்டும் அதை நிறுத்தும். ஒற்றைக் கோடு மட்டும் சேர்த்தால் அவருடைய எல்லா வேலைகளும் போகும். அதே ஒற்றைக் கோட்டை ரூட் என்ற நிர்வாகி தட்டினால் வரிசையே காலி. நீக்குவதற்கு எதுவும் இல்லையென்றால் ஒரு வார்த்தையும் பேசாது. பழைய யூனிக்ஸ்காரர்களுக்கு இந்த மௌனம் பெரிய மரியாதை. புதிதாக வருபவருக்குக் கட்டளை வேலை செய்ததா இல்லையா என்ற குழப்பம்.

பாதி அச்சாகிக்கொண்டிருப்பதை நிறுத்துவது இதில் சிரமமான பகுதி. பின்னணியில் ஓடும் எல்பிடி நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிண்டருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். கோப்பை மட்டும் அழித்தால் ஊட்டுவது நிற்காது. எனவே எல்பிஆர்எம் முதலில் அந்த நிரலையே கொன்றுவிடும், பிறகு கோப்புகளை அழிக்கும், முடிந்ததும் புதிய எல்பிடியைத் தொடங்கிவிடும். இந்தச் சில கணங்களுக்குள் வரிசை நகர்ந்துவிட்டால்? அச்சாகிக்கொண்டிருப்பது எது என்பதைத் தவறாகக் கணிக்க வாய்ப்பு உண்டு என்று அதன் கையேட்டுப் பக்கத்தின் குறைகள் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளின் ஓட்டையை அதன் கையேடே சொல்வது அந்தக் காலத்து நல்ல பழக்கம். இப்போது அது அருகிவிட்டது.

எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு பிரிண்டர் வேறொரு விதத்தில் வரலாற்றில் இடம் பிடித்தது. அங்கிருந்த பழைய ஜெராக்ஸ் பிரிண்டரில் தாள் சிக்கினால், வரிசையில் காத்திருக்கும் எல்லாருக்கும் திரையில் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றியிருந்தார். பிறகு ஜெராக்ஸ் வேகமான ஒரு லேசர் பிரிண்டரைப் பரிசாகக் கொடுத்தது, ஆனால் அதன் மூல நிரலைக் கொடுக்கவில்லை. அந்த வசதியை இதில் சேர்க்க வழியில்லாமல் போனது. மூல நிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரைப் போய்க் கேட்டார். வெளியில் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பின் கசப்பும் உண்டு என்பதை அவரே பல இடங்களில் பேசியிருக்கிறார்.

வீட்டு மேசைக்கு வந்த கணினியில் உரிமைப் பிரச்சினை எழவே இல்லை, இருப்பதே ஒரு ஆள்தானே. 1983இல் வந்த டாஸ் 2.0 பதிப்பின் பிரிண்ட் கட்டளை பின்னணியில் அச்சிடும். வழக்கமாகப் பத்துக் கோப்புகள் வரிசையில் நிற்கலாம். சாய்கோடும் சி எழுத்தும் சேர்த்தால் குறிப்பிட்ட கோப்பு ரத்து, டி எழுத்து சேர்த்தால் எல்லாமே ரத்து. அது ரத்தாகும் விதம்தான் வேடிக்கை: அச்சிடுவதை நிறுத்தி, ரத்தானது என்று தாளிலேயே ஒரு வரி அடித்து, அடுத்த பக்கத்தின் தலைப்புக்குத் தாளை நகர்த்தி, பிரிண்டரின் மணியையும் அடித்து ஊருக்கு அறிவித்துவிடும்.

பெல் ஆய்வகத்தின் பக்கம் வளர்ந்த யூனிக்ஸ் சிஸ்டம் 5இல் கட்டளைகளின் பெயர்களே வேறு. அச்சிட எல்பி, பார்க்க எல்பிஸ்டாட், நீக்க கேன்சல். வேலையின் அடையாளம் வெறும் எண்ணாக இல்லாமல் பிரிண்டரின் பெயர், கோடு, எண் என்று வரும். கேன்சல் என்ற பெயர் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது, எல்பிஆர்எம் என்ற பெயர் பழகியவருக்கு மட்டும்தான் புரியும். இரண்டு கட்சிகளும் இருபது ஆண்டு காலம் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வகை இயந்திரமும் உள்ள அலுவலகத்தில் நிர்வாகிகள் இரண்டையும் மனப்பாடம் செய்தார்கள்.

கணினிகள் வலைப்பின்னலில் இணைந்ததும் நிறுத்தும் உரிமையின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டியில் எல்பிடி வலைப்பின்னல் வழியாகவும் வேலை வாங்கத் தொடங்கியது. அது பேசிய மொழியை 1990 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். 515ஆம் போர்ட்டில் எல்பிடி காத்திருக்கும். வரும் செய்தியின் முதல் பைட் 5 என்றால் அது நீக்கும் கோரிக்கை. அதையடுத்து வரிசையின் பெயர், கேட்பவரின் பெயர், வேலை எண்கள். கேட்பவரின் பெயர் ரூட் என்று இல்லாதவரை அடுத்தவர் வேலையை நீக்க முடியாது என்று அந்த ஆவணம் விதி வகுத்தது.

பெயரைச் சொல்வது யார்? கேட்பவரேதான். கடவுச்சொல் கிடையாது, கையொப்பம் கிடையாது. கோரிக்கை 721 முதல் 731 வரையிலான போர்ட்டிலிருந்து வர வேண்டும் என்பது மட்டும்தான் காவல். யூனிக்ஸ் கணினிகளில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் மட்டுமே திறக்க முடியும் என்பதால், அங்கிருந்து வருவது நம்பகமானது என்று வைத்துக்கொண்டார்கள். எல்லா நிர்வாகிகளும் ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழக வளாகத்தில் இது செல்லுபடியாகும். யார் வேண்டுமானாலும் எந்தப் போர்ட்டையும் திறக்கக்கூடிய தனிநபர் கணினிகள் அதே கம்பியில் வந்து இணைந்ததும் இந்த நம்பிக்கைக்கு அர்த்தமில்லாமல் போனது.

உள்ளூரிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. ஸ்பூல் அடைவு சாதாரணப் பயனருக்குப் பூட்டியது. அவர் சார்பில் அதற்குள் போய்க் கோப்பை அழிக்க வேண்டுமென்றால் எல்பிஆர்எம் நிரல் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட வேண்டும். இப்படி அதிகாரத்தைக் கடன் வாங்கிய நிரலில் ஒரு சிறு பிழை இருந்தாலும் மொத்தக் கணினியும் கைமாறிவிடும். 2003இல் அதுதான் வெளியே வந்தது. ஓபன்பிஎஸ்டி 3.2 வரையிலும், சூஸே லினக்ஸின் சில பதிப்புகளிலும் இருந்த எல்பிஆர்எம்முக்கு மிக நீளமான வேலை எண்ணையோ பயனர் பெயரையோ கொடுத்தால் நினைவகத்தில் வரம்பு மீறி எழுதி ரூட் அதிகாரத்தையே பறிக்க முடிந்தது. தன் பிரிண்டைத் தானே ரத்து செய்யட்டும் என்று கொடுத்த சலுகை, வீட்டுச் சாவியையே கொடுத்ததாக முடிந்தது.

இந்தக் குளறுபடிக்கெல்லாம் ஒழுங்கு கொண்டுவந்தது கப்ஸ் என்ற அச்சு மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997இல் தன் ஈஸி சாஃப்ட்வேர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் இதைத் தொடங்கினார், 1999இல் வெளியிட்டார். பழைய எல்பிடி மொழியைக் கைவிட்டு, அப்போது புதிதாக உருவாகிக்கொண்டிருந்த இணைய அச்சு நெறிமுறையான ஐபிபியைப் பிடித்துக்கொண்டது அவருடைய சரியான முடிவு. 631ஆம் போர்ட்டில் இயங்கும் அதில் ரத்து செய்வதற்கென்றே தனிச் செயல் உண்டு. கேட்பவர் யார் என்று முறையாகச் சோதிக்கவும் வழி உண்டு. அதைவிட சாமர்த்தியமான காரியம், பெர்க்லி கட்சி, சிஸ்டம் 5 கட்சி இரண்டின் கட்டளைகளையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டதுதான். எல்பிஆர்எம் தட்டினாலும் சரி, கேன்சல் தட்டினாலும் சரி, உள்ளே போவது ஒரே கோரிக்கை. வரிசையை நிறுத்தவும் தொடரவும் சிஸ்டம் 5இல் இருந்த டிஸேபிள், எனேபிள் கட்டளைகளுக்கு மட்டும் முன்னால் கப்ஸ் என்று ஒட்டுப் போட வேண்டி வந்தது. எனேபிள் என்ற பெயரை பாஷ் ஷெல் ஏற்கெனவே தனக்கென்று எடுத்து வைத்திருந்தது.

ஆப்பிள் 2002இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2இல் கப்ஸைச் சேர்த்தது. 2007இல் அதன் மூல நிரலை விலைக்கு வாங்கி ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு விலகிய பிறகு ஓபன்பிரிண்டிங் குழு அதைத் தொடர்ந்து வளர்க்கிறது. சி-டாக் சென்னை மையத்தில் உருவாகி, தமிழ்நாடு அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஆக, அதிலும் அச்சுக்கு இதே கப்ஸ், இதே கட்டளைகள். கப்ஸின் இயல்பான அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வேலையை ரத்து செய்யும் உரிமை அதன் சொந்தக்காரருக்கும் நிர்வாகிக்கும் மட்டும் என்று எழுதியிருக்கும். பெர்க்லியின் எல்பிஆர்எம் பி வரியை ஒப்பிட்டுப் பார்த்த அதே விதி.

விண்டோஸிலும் காகிதத்தில் விதி அதுதான்: பிரிண்ட் கொடுத்தவர் தன்னுடையதை நீக்கலாம். நடைமுறையோ வேறு. சிஸ்டம்32 அடைவுக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற அடைவில் ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்ஹெச்டி என்ற இரண்டு கோப்புகள் உட்கார்ந்திருக்கும். பெர்க்லியின் டிஎஃப், சிஎஃப் ஜோடியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே சொல்லலாம். வேலை சிக்கிக்கொண்டு, நீக்கப்படுகிறது என்ற சொல்லோடு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பார்க்காத அலுவலகமோ ஜெராக்ஸ் கடையோ இருக்காது. அப்போது தெரிந்தவர்கள் செய்வது, நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து நெட் ஸ்டாப் ஸ்பூலர் என்று தட்டி, அந்த அடைவிலுள்ள எல்லாவற்றையும் அழித்து, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் என்று மீண்டும் ஓடவிடுவது. தன் ஒரு வேலையை எடுக்க, அந்தக் கணினி வழியாகக் கொடுத்த எல்லாருடைய வேலையையும் சேர்த்தே தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. ஒற்றை வேலையை எண் சொல்லி நீக்கும் பவர்ஷெல் கட்டளை விண்டோஸ் 8 காலத்தில்தான் சேர்ந்தது.

அந்த ஸ்பூலர் சேவை கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவதால் எல்பிஆர்எம்முக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்தது, பல மடங்கு பெரிதாக. ஈரானின் அணு மையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் பரவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று ஸ்பூலரின் ஓட்டை. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. 2021 கோடையில் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற இன்னொரு ஓட்டை வெளிவந்தபோது, பயனர் கணக்குகளைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களில் ஸ்பூலரை ஒரேயடியாக நிறுத்தி வைக்கும்படி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை தன் துறைகளுக்கு உத்தரவிட்டது. கப்ஸும் தப்பவில்லை, 2024 செப்டம்பரில் அதன் துணை நிரல்களில் வரிசையாகச் சில ஓட்டைகள் அம்பலமாயின.

இன்றைக்கும் மேக் கணினியிலோ லினக்ஸிலோ டெர்மினலைத் திறந்து எல்பிகியூ தட்டினால் வரிசை தெரியும், எல்பிஆர்எம்மோடு எண்ணைச் சேர்த்தால் அந்த வேலை போகும், கேன்சலோடு கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் எல்லாம் போகும், எக்ஸ் எழுத்தையும் சேர்த்தால் வட்டில் தங்கியிருக்கும் கோப்பும் அழியும். சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ பொதுக் கணினியில் அச்சிடுபவர்கள் அந்த எக்ஸை மறக்கக் கூடாது. இவை எல்லாமே கணினியில் இருக்கும் வரிசையைத்தான் தொடும். ஏற்கெனவே பிரிண்டரின் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்த பக்கங்கள் வந்தே தீரும். பாதியில் அறுந்த வேலையாக இருந்தால் புரியாத குறிகளோடு தாள் தாளாகக் கொட்டவும் செய்யும். அதற்கு எந்தக் கட்டளையும் உதவாது. எழுந்துபோய்ப் பிரிண்டரின் மேலுள்ள ரத்துப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.